வெள்ளை போர்டு வேனும் வெள்ளகோவில் சீரும்

வேன் வாடகைக்குப் பிடிக்கப் போகிறவர்கள் முதலில் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். எதற்காக உதைக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. உதைத்த பிறகும் தெரியாது. அடுத்து கதவைத் திறந்து சீட்டை ஓர் அமுக்கு அமுக்குவார்கள். கடைசியாக, பாட்டுப் பெட்டி பாடுமா என்று கேட்பார்கள். இதெல்லாம் சரியாக இருந்துவிட்டால் வண்டி நல்ல வண்டி. நானும் அப்படித்தான் பார்த்தேன். லாரியில் கிளீனராகக் கொஞ்ச காலம் ஓடியவன் என்பதால் எனக்காவது கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பாட்டுப் பெட்டி நன்றாகப் பாடியது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்போது நான் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேலையாக இருந்தேன். அதற்கு முன்னால் திருப்பூரில் சாயப்பட்டறை, அதற்கும் முன்னால் லாரி, இடையில் போத்தனூர் ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்தில் சில வாரங்கள். எட்டாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவனுக்கு இதைவிட ஒழுங்கான வரிசை அமையாது. தோப்பில் எனக்கு மோட்டார் ரூமில் படுக்கை. பகலில் தண்ணீர் கட்டுவது, தேங்காய் பொறுக்குவது. மலையிலிருந்து யானை இறங்கினால் தகரத்தைத் தட்டிக்கொண்டு எதிர்த் திசையில் ஓடுவது. சோறு அவர்கள் வீட்டில். குறை சொல்ல ஒன்றுமில்லாத வேலை.

வீட்டில் நான்கு பேர். தோட்டக்காரரை நான் அண்ணன் என்பேன், அவர் மனைவியை அக்கா. அண்ணனின் அம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். வீடு, தோப்பு, மாடு, மகன் எல்லாமே பெரியம்மாவின் சொல்லுக்குள் அடக்கம். நான்காவது ஆள் அண்ணனின் சித்தப்பா. அவருக்கு வேலை பேசுவது.

அக்கா பிறந்த ஊர் வெள்ளகோவில். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் அங்கே போனதே இல்லை. போகக் கூடாது என்று பெரியம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாமலேயே போக முடியாதபடி வைத்திருந்தார். காரணம் ஒரு வேன்தான். அண்ணனின் கல்யாணம் வெள்ளகோவிலில் நடந்தபோது, மாப்பிள்ளை வீட்டாரைத் திருப்பிக் கொண்டுபோய் விடப் பெண் வீட்டார் ஒரு வேன் சொல்லியிருந்தார்கள். அந்த வேன்காரர் அதே முகூர்த்தத்தில் இன்னொரு கல்யாணத்துக்கும் வருவதாக ஒத்துக்கொண்டு அங்கே போய்விட்டார். மாப்பிள்ளையைப் பெற்ற பெரியம்மா பட்டுச்சேலையோடு ரூட் பஸ்ஸில் கோயமுத்தூர் வரை நின்றுகொண்டே வந்தார். யாரோ ஒருவர் கூடையில் வைத்திருந்த கோழி சூலூர் வரைக்கும் அவர் கொசுவத்தைக் கொத்திக்கொண்டு வந்ததாம். கோழியைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவர் குரல் அதிகமாக உயரும்.

"சம்பந்தி ஊட்டு வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னவர், சொன்ன சொல்லிலேயே நின்றார்.

இந்த நிலையில் அக்காவின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில், மாப்பிள்ளையோடு அவன் கூடப் பிறந்தவள் நிற்பாள். கூறைச் சேலையின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறு முனையை அவள் பிடிக்க, சடங்கை நடத்தும் அருமைக்காரர் சீர் செய்து வைப்பார். என்னதான் பெண்டாட்டி வந்தாலும் உனக்கு இந்த வீட்டில் இடம் உண்டு என்று தம்பி அக்காவுக்கு ஊரறியச் சொல்கிற இடம் அது. கூடப் பிறந்தவள் வராவிட்டால் சீர் நின்றுவிடாது. பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியை நிறுத்திச் செய்துவிடுவார்கள். அதுதான் அக்காவுக்குப் பயம்.

"எங்க பெரியப்பன் பொண்ணு இப்பவே பூ வச்சுக்கிட்டுத் திரியறாளாமா" என்று அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கையில் இருந்த வாளி மட்டும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அக்காவின் அப்பா நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். பெரியம்மா மரியாதையாக மோர் கொடுத்து உட்கார வைத்தார். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார்.

"வாரனுங்க. ஆனா வேன்லதானுங்க வருவேன். வேன உட்டு எறங்க மாட்டேன். மண்டபத்து வாசல்ல வேன் சீட்டுலயே குக்கியிருப்பேன். சீர் முடிஞ்சதும் மருமவள ஏத்திக்கிட்டு அதே வேன்ல வந்துருவனுங்க."

"அப்ப காலைல முகூர்த்தம்?"

"அது உங்க ஊட்டு முகூர்த்தமுங்க."

அந்த மனிதர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆகட்டுங்க. வேனுக்குள்ளயே இலை போட்டுர்றனுங்க. ரசம் ஊத்தறப்ப மட்டும் டிரைவர வண்டிய ஆட்ட வேண்டாம்னு சொல்லோணும்."

சித்தப்பா சிரித்துவிட்டார். பெரியம்மா சிரிக்கவில்லை. ஆனால் மோர் இன்னொரு டம்ளர் வந்தது.

வேன் பிடிக்கும் பொறுப்பு அண்ணனுக்கு. போத்தனூர் எனக்குத் தெரியும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பிளாட்பாரத்தில் படுத்திருந்தவனுக்கு ஊர் தெரியும் என்பது அவர் கணக்கு. எனக்குத் தெரிந்தது டீக்கடையும் குழாயடியும்தான். இருந்தாலும் முன்னால் நடந்தேன்.

ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வேன்கள் நிழலுக்கு ஒதுங்கி நின்றன. முதலில் பார்த்தது மஞ்சள் போர்டு வண்டி. வாடகைக்கு ஓட அனுமதி வாங்கிய வண்டிக்குத்தான் அந்த நிறம். டிரைவர் நடுவயதுக்காரர், பீடியை அணைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். வெள்ளகோவில் போய்த் திரும்ப எவ்வளவு ஆகும், கிலோமீட்டர் ஷெட்டிலிருந்து கணக்கா வீட்டிலிருந்து கணக்கா, காத்திருந்தால் என்ன, ஸ்டெப்னி டயர் எங்கே இருக்கிறது என்று எல்லாவற்றையும் அவரே சொன்னார். கேட்காமலேயே டாஷ்போர்டைத் திறந்து காகிதங்களையும் காட்டினார்.

அண்ணனுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. "என்னப்பா, வந்ததும் வராததுமா காயிதத்தத் தூக்கிக் காட்டறான். நம்ம என்ன போலீஸா?" என்று என் காதில் சொன்னார்.

அடுத்த வண்டி வெள்ளை போர்டு. சொந்த உபயோகத்துக்கான வண்டி என்று பொருள். வாடகைக்கு ஓட்டக் கூடாது. எல்லோரும் ஓட்டினார்கள். டிரைவர் சின்ன வயசு, நெற்றியில் திருநீறு, வெளுத்த வேட்டி. வண்டியும் அவனுடையதே. அண்ணனைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்க வாங்க. ஏனுங்க, எந்தப் பக்கமுங்க நமக்கு?"

"தொண்டாமுத்தூருங்க. நீங்க?"

அவன் ஊரைச் சொன்னான். அந்த ஊரில் அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் பெயர் வந்தது. அவர் இவனுக்கு அப்பன் வழி. பேச்சு அங்கிருந்து கூட்டத்துக்குப் போனது. கூட்டம் என்பது இங்கே குலத்தைப் பிரித்துச் சொல்வது. ஒரே கூட்டம் என்றால் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை, பெண் கொடுத்து எடுக்க முடியாது. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். அவன் கூட்டத்தைச் சொன்னதும் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. இவர்கள் கூட்டமேதான்.

"அட, நம்ம பங்காளி!"

அப்புறம் அரை மணி நேரம் பேசினார்கள். அவன் அம்மா பிறந்த ஊர், அக்காவைக் கொடுத்த இடம், குலதெய்வக் கோயிலுக்கு எப்போது போனது, கெடா வெட்டுக்கு யார் யார் வந்தது என்று எல்லாம் பேசினார்கள். இடையில் நான், "அண்ணே, வெள்ளை போர்டுங்க" என்றேன்.

"நம்ம பையன்டா" என்றார் அண்ணன்.

அது கேள்விக்குப் பதில் இல்லை என்று எனக்குத் தோன்றியதுதான். ஆனால் அதற்குள் அந்தப் பையன் எனக்காகப் பாட்டுப் பெட்டியைப் போட்டுவிட்டான். பெட்டி இருந்த இடம் டாஷ்போர்டு, ஒலி வந்தது பின் சீட்டுக்கு அடியிலிருந்து. அப்படி ஒன்றை அதுவரை நான் கேட்டதில்லை. டயரை உதைத்தேன், சீட்டை அமுக்கினேன், ஆகட்டுங்க என்றேன்.

காகிதம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. பங்காளியிடம் போய் யாராவது கேட்பார்களா? கேட்டால், உன்னை நம்பவில்லை என்று சொன்னதாக ஆகிவிடும். இந்த ஊர்க்காரர்கள் ஒருவரை அவமானப்படுத்துவதைவிட நடுரோட்டில் நிற்பதையே மேல் என்று நினைப்பார்கள்.

சீருக்குப் புறப்படுகிற நாள் மதியம் சாப்பிட்ட கையோடு வேன் வந்துவிட்டது. கழுவித் துடைத்து முன்னால் வேப்பிலைக் கொத்துக் கட்டியிருந்தான். பெரியம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அதுதான் இரவு வீடு திரும்பும் வரைக்கும் அவருடைய இடம் என்பதால் தலையணை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் அக்கா, மடியில் புதுச்சேலை வைத்த தட்டு. நடுவில் அண்ணனும் சித்தப்பாவும், காலடியில் தேங்காய் மூட்டை, வாழைத்தார், சீர்த் தட்டுகள். நான் முன்னால், டிரைவர் பக்கத்தில். பாட்டு கேட்கத் தோதான இடம்.

உக்கடம் தாண்டியதும் டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பணிவாகச் சொன்னான்: "ஏனுங்க, வழியில யாராச்சும் நிறுத்திக் கேட்டாங்கன்னா, சொந்தக்காரங்கன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. வாடகைன்னு சொல்லீராதீங்க."

"சொந்தக்காரங்கதான கண்ணு? பொய்யா சொல்லப் போறோம்?" என்றார் பெரியம்மா.

சிங்காநல்லூர், சூலூர் எல்லாம் பாட்டிலேயே போயின. சூலூரில் மட்டும் பெரியம்மா, "இங்கதான் அந்தக் கோழிக்காரன் எறங்குனான்" என்று இடத்தைக் காட்டினார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பல்லடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், ஒரு புளியமரத்தடியில் ஜீப் நின்றது. பக்கத்தில் காக்கி உடுப்பில் பிரேக் இன்ஸ்பெக்டர். வண்டிகளின் தகுதியையும் காகிதங்களையும் சோதிக்கிற அதிகாரியை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கை நீண்டது. எங்கள் ஆள் பாட்டை நிறுத்தினான். வண்டியும் நின்றது.

அவர் டிரைவரை இறக்கிக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். ஜன்னல் திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"யாரு இவங்கெல்லாம்?"

"எங்க மாமன் குடும்பமுங்க. விசேசத்துக்குப் போறமுங்க."

அந்தப் பதிலை அவன் நூறு தரம் சொல்லியிருப்பான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இந்த முறை வண்டியில் இருப்பது உண்மையான பங்காளிகள் என்பது அவனுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கம் வந்து ஜன்னலில் கையை வைத்தார். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க, டிரைவரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

"பங்காளிங்க" என்றார் அண்ணன், தெளிவாக.

"சரீங்க. அவரு உங்கள மாமன்கறாரே?"

அண்ணன் விழித்தார். சித்தப்பா உடனே காப்பாற்ற முன்னால் நகர்ந்தார். "அது எப்படீன்னா பாருங்க, அவங்க அம்மா பொறந்த ஊர்ல நம்ம ஊட்டுப் பொண்ணு ஒண்ணக் குடுத்திருக்குதுங்க. அந்த வழியில பாத்தா மாமன் முறையும் வருமுங்க. இந்த வழியில பாத்தா..."

அவரை அந்த வழியிலேயே விட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்போம். இன்ஸ்பெக்டருக்கும் முறை கேட்பதில் ஆசை இருந்தது, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தப்பு முறை சொல்வதை அவரால் காதால் கேட்க முடியாது.

"யாரு மாமன்? என்ன பேச்சுப் பேசறீங்க? ஒரே கூட்டத்துப் பையன் எப்படி மாமனாகும்? நாளைக்குப் பொண்ணுக் குடுப்பீங்களா, எடுப்பீங்களா? ஏனுங்க சார், நீங்க கேக்கோணும். அவன் எம் மவனுக்குத் தம்பி முறைங்க. மாமன்னு சொன்னது தப்புங்க."

"தப்புதானுங்க" என்றார் இன்ஸ்பெக்டர், மிகுந்த மரியாதையோடு. "அப்பத் தம்பின்னே வச்சுக்கலாமுங்க. தம்பி பேரு என்னங்க?"

அவன் ஊர் எங்களுக்குத் தெரியும். கூட்டம் தெரியும். அம்மா பிறந்த ஊர், அக்காவைக் கொடுத்த ஊர், அவர்கள் கெடா வெட்டுக்கு எத்தனை கெடா வெட்டினார்கள் என்பதுகூடத் தெரியும். பேர் யாரும் கேட்கவில்லை. கண்ணு என்றோம், தம்பி என்றோம், பங்காளி என்றோம். பேர் தேவைப்பட்டதே இல்லை. பெரியம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் பெட்டியைப் பார்த்தேன்.

"நீ யாருப்பா?" என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார்.

"நான் யாரும் இல்லீங்க."

"ஒருத்தனாச்சும் உள்ளதச் சொன்னியே" என்று அவர் ஜன்னலிலிருந்து கையை எடுத்தார்.

வண்டியை ஆபீஸுக்கு எடுத்துப்போக வேண்டும் என்றார். அண்ணன் இறங்கிப்போய்க் கல்யாணம், சீர் என்று சொல்லிப் பார்த்தார். அவர் கோபப்படவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை. "இந்த வண்டில ஏதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல உங்களுக்கு ஒண்ணும் கெடைக்காதுங்க. இத்தன பேர ஏத்திக்கிட்டு, மூட்டையும் ஏத்திக்கிட்டு வாரீங்க. காயிதத்தக் கேட்டிருந்தீங்கன்னா அவனே சொல்லியிருப்பான். கேக்கறதுக்கு என்னங்க வெக்கம்?" என்றார். அது சரிதான்.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மூட்டையையும் தாரையும் தட்டுகளையும் இறக்கிப் புளியமரத்தடியில் வைத்தோம். பெரியம்மா தலையணையோடு இறங்கினார். வேனை விட்டு இறங்க மாட்டேன் என்றவரை வேனே இறக்கிவிட்டது. டிரைவர் தலை குனிந்து நின்றான். பெரியம்மா அவனிடம் போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "ஆபீஸுல எந்நேரமாகுமோ. சாப்புட்டியா கண்ணு?" என்று கேட்டு, சீர்த் தாரிலிருந்து ஒரு சீப்புப் பழத்தை ஒடித்து அவன் கையில் வைத்தார். அப்போதும் பேர் கேட்கவில்லை.

இனி என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி ஆயிற்று. பல்லடத்துக்குத் திரும்பி நடந்தால் எஸ்.டி.டி. பூத் இருக்கும், மண்டபத்துக்குப் போன் போட்டுக் காத்திருக்கச் சொல்லலாம், அப்படியே வேறு வேன் பார்க்கலாம் என்றார் சித்தப்பா. அண்ணனும் சரி என்று கிளம்பினார். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"போன் போட்டா, வர முடியிலீன்னு சொல்றாங்கன்னுதான் அங்க நெனைப்பாங்க. உடனே அவள நிறுத்திப்போடுவாங்க. பஸ்ஸேறிப் போயிரலாமுங்க."

"பஸ்ஸா?" என்றார் அண்ணன். எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தோம்.

பெரியம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் எது ஓடியது என்று எனக்குத் தெரியாது. ஆறு வருடம் சுமந்த சபதம் ஒரு பக்கம், தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மருமகள் ஒரு பக்கம். அக்காவின் கை தட்டின் விளிம்பில் வெளுத்துப் போயிருந்தது. தூரத்தில் ஒரு பஸ் வந்தது. காங்கேயம், வெள்ளகோவில் வழி கரூர் என்று நெற்றியில் போட்டிருந்தது.

"மூட்டையத் தூக்குடா" என்றார் பெரியம்மா என்னிடம்.

அந்த இடத்தில் ஸ்டாப் கிடையாது. இன்ஸ்பெக்டர்தான் கை காட்டி நிறுத்தினார். காக்கி உடுப்பைக் கண்டு டிரைவர் பதறி பிரேக் போட, கண்டக்டர் காகிதப் பையோடு இறங்கி ஓடி வந்தான். "காயிதம் வேண்டாமுங்க, இவங்கள ஏத்திக்கங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

பஸ்ஸில் நிற்க இடம் இருந்தது, உட்கார இல்லை. வாழைத்தாரைக் கண்டக்டர் எஞ்சின் மேல் வைத்தான். தேங்காய் மூட்டைக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றான்.

"சீர்த் தேங்காய்க்கு லக்கேஜா?" என்றார் சித்தப்பா.

"தேங்காய்க்கு அது தெரியுமுங்களா?" என்றான் கண்டக்டர். பிறகு என்னைக் காட்டி, "இவரும் உங்ககூடத்தானுங்களா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா திரும்பினார்.

"எங்க பையன்தான். ஏன்டா, அந்த ஆபீசர்கிட்ட நான் யாரும் இல்லீன்னியாமா? ரெண்டு வேளையும் எங்க ஊட்டுல வட்டல்ல போட்டுத் திங்கறப்ப யாராமா இருந்த?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாராவது அப்படித் திட்டிப் பல வருடமாகியிருந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒருவர் எழுந்து பெரியம்மாவுக்கு இடம் கொடுத்தார். "பரவாயில்லீங்க, குக்கிக்குங்க. இந்தத் தடத்துல நின்னுக்கிட்டே போறது எனக்குப் பழகுனதுதானுங்க" என்று பெரியம்மா மறுத்துவிட்டார். சொன்ன பிறகு மருமகளைப் பார்த்தார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு சிரிக்கற?"

"ஒண்ணுமில்லீங்கத்த."

"கோழி எதாச்சும் வச்சிருக்கறாங்களான்னு கீழ பாரு."

அக்கா இதற்கு மேல் தாங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, அந்தத் தண்ணீர் சிரிப்பால் வந்ததா என்று சொல்ல முடியாத மாதிரி இருந்தது. பெரியம்மா அவர் கையிலிருந்த தட்டை வாங்கித் தான் பிடித்துக்கொண்டார்.

காங்கேயத்தில் பஸ் வெகுநேரம் நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போனார். சித்தப்பா இறங்கிப்போய் அவரிடம் என்னவோ பேசினார். அவர் என்ன கூட்டம் என்று கேட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. டீ பாதியிலேயே டிரைவர் வந்து ஏறினார், அதற்குமேல் வண்டி எங்கேயும் மெதுவாகப் போகவில்லை. வழி நெடுக அக்கா ஜன்னலில் வெயிலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வெள்ளகோவிலில் மண்டபம் ரோட்டோரமே இருந்தது. மேளச் சத்தம் பஸ்ஸுக்குள் கேட்டது. சீர் தொடங்கிவிட்டது என்று பயந்தோம். கண்டக்டர் விசிலடித்து மண்டபத்து வாசலிலேயே நிறுத்தினான். வேனுக்கென்று வாசலில் நிழலாக ஓர் இடம் விட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் பஸ்ஸின் பாதிதான் நின்றது.

அக்காவின் அப்பா ஓடி வந்தார். படிக்கட்டில் முதலில் வாழைத்தார், பிறகு மூட்டை, பிறகு நான். எனக்குப் பின்னால் தட்டும் தலையணையுமாகப் பெரியம்மா இறங்குவதைப் பார்த்ததும் அந்த மனிதர் பாதியில் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, பஸ்லயா வந்தீங்க? வேனு..."

பெரியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். என்ன சொல்லப் போகிறார் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். போன தடவை ஏமாற்றியது அவர்கள் பிடித்த வேன். இந்தத் தடவை எங்கள் வேன், அதுவும் எங்கள் கூட்டம். குறை சொல்ல அவருக்கு ஆளே மிச்சமில்லை.

"உங்க ஊருக்கும் வேனுக்கும் ஆவாதுங்க, உடுங்க" என்றார் பெரியம்மா. "சீர் ஆயிருச்சுங்களா?"

"அருமைக்காரரு எந்திரிச்சுட்டாருங்க. நாந்தான் தண்ணி குடிச்சுட்டு வாங்க, வெத்தல போட்டுட்டு வாங்கன்னு இழுத்துக்கிட்டு இருக்கறேன்."

"அப்பப் பேச்சு என்னத்துக்குங்க, நடங்க."

உட்கார வேனும் இல்லை, ரோட்டில் நிற்கவும் முடியாது. பெரியம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். படியில் ஒரு கணம் கால் தயங்கியது. "மண்டபந்தான இது, ஊடு இல்லியே" என்று யாருக்கும் அல்லாமல் சொல்லிவிட்டு ஏறினார். உள்ளே பூ வைத்துக்கொண்டு தயாராக நின்ற பெரியப்பன் மகள், அக்காவைக் கண்டதும் தன் தலைப்பூவிலிருந்தே பாதியை எடுத்து அவர் தலையில் வைத்தாள். நாங்கள் நினைத்த அளவுக்குக் கெட்டவள் இல்லை.

நான் தூணோரம் மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்தேன். கசங்கிய முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட அக்காவுக்கு நேரமில்லை. புதுச்சேலையை மேலாகச் சுற்றிக்கொண்டு வந்து தம்பி பக்கத்தில் நின்றார். கூறைச் சேலையின் முனையை அருமைக்காரர் அக்கா கையில் கொடுத்தபோது, பஸ் கம்பியைப் பிடித்த மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "உடாம புடிச்சுக்கோ அம்மிணி, ஆனா சேலையக் கிழிச்சுப்போடாத" என்றார் அருமைக்காரர். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியம்மாதான் முதலில் சிரித்தது.

திரும்பிப் போக வண்டி இல்லை என்பதால் அன்றைக்குத் தங்கினோம். தங்கியதால் முகூர்த்தத்துக்கும் இருந்தோம். பெரியம்மாவுக்கு முதல் பந்தியில் இலை போட்டு, சம்பந்தியே நின்று ரசம் ஊற்றினார். ரசம் ஆடவில்லை.

மறுநாள் மதியம் ஊர் திரும்ப வேன் பிடிக்க வேண்டியிருந்தது. அண்ணன் கிளம்பியபோது பெரியம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு தானே ஸ்டாண்டுக்கு வந்தார். டயரை உதைக்கவில்லை. பாட்டுப் பெட்டி பக்கம் நான் போனதற்கு ஒரு முறை முறைத்தார். வண்டிக்கு முன்னால் போய் நின்று போர்டின் நிறத்தைப் பார்த்தார். மஞ்சள்.

டிரைவர் பணிவாக வந்து, "வாங்கம்மிணி, நமக்கு எந்த ஊருங்க?" என்று ஆரம்பித்தான்.

"அதெல்லாம் இருக்கட்டுங் கண்ணு. மொதல்ல உன்ற பேரச் சொல்லு."

சொன்னான்.

"பர்மிட்டு, இன்சூரன்ஸு எல்லாம் எடு. இவன் படிச்சுப் பாப்பான்."

எட்டாம் வகுப்பில் பாதி படித்தவன் நான். ஆனாலும் காகிதத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்துத் தேதியைப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. வேறு முகூர்த்தம் ஏதாவது ஒத்துக்கொண்டிருக்கிறாயா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, கிலோமீட்டர் எங்கிருந்து கணக்கு என்று பெரியம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு கேள்விக்கும் அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

எல்லோரும் ஏறினோம். ஏறும்போது டிரைவரின் பேரைப் பெரியம்மா ஒவ்வொருவர் வாயாலும் ஒரு தடவை சொல்ல வைத்தார். பின் வரிசையில் ஜன்னலோரம் தலையணையோடு அக்கா மேல் சாய்ந்துகொண்டு, காங்கேயம் வரைக்கும் வாயைத் திறக்காமல் வந்தார். காங்கேயம் தாண்டி ரோடு நேரானதும் அவரால் முடியவில்லை.

"ஏன் கண்ணு," என்றார் முன்னால் குனிந்து, "நீ என்ன கூட்டம்?"

சித்தப்பா உடனே எழுந்து டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தார்.